பிரிந்தவர்கள் பிரதியெடுத்த சாசனம்

ஒரு நாட்டிலிருந்து பிரிந்து தனி அரசு அமைப்பவர்கள் என்ன செய்வார்கள்? கொடி தைப்பார்கள், படை திரட்டுவார்கள், நாணயம் அச்சிடுவார்கள். கூடவே, ஓர் அறையில் உட்கார்ந்து அரசியல் சாசனமும் எழுதுவார்கள். யாரை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தார்களோ, அவர்களுடைய சாசனத்தையே பெரும்பாலும் எதிரில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள் என்பதுதான் விந்தை. தனிக்குடித்தனம் போகிறவர்கள் தாய்வீட்டுப் பாத்திரங்களோடு போவதைப் போன்றது இது. எதை எடுத்துப் போனார்கள், எதை விட்டுப் போனார்கள், எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்று கணக்குப் பார்த்தால், எதற்காகப் பிரிந்தார்கள் என்பது விளங்கிவிடும். நானூறு ஆண்டுகளாகக் கடல் கடந்து, மொழி மாறி, கை மாறி வந்திருக்கும் இந்தச் சாசனத்தின் பயணக்கதை சுவையானது.

1581 ஜூலை 26. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் இனி எங்களுக்கு மன்னர் அல்லர் என்று நெதர்லாந்து மாகாணங்களின் பிரதிநிதிகள் தி ஹேக் நகரில் அறிவித்தார்கள். மந்தையைக் காக்கத்தான் மேய்ப்பன். குடிகளைக் காக்கத்தான் மன்னன். வதைப்பவனை விலக்கிவிட்டு வேறொருவனைத் தேடிக்கொள்ளலாம் என்பது அந்த ஆவணத்தின் வாதம். இதற்கு இரண்டு ஆண்டு முன்பே, உட்ரெக்ட் நகரில் அந்த மாகாணங்கள் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. தனியாக ஒரு சாசனம் எழுதாமல் அதையே சாசனமாகக் கொண்டு இரு நூற்றாண்டுகள் காலம் தள்ளினார்கள். மத நம்பிக்கைக்காக யாரையும் விசாரிக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்றது அதன் 13ஆம் பிரிவு. மாற்று மதப் பிரிவினரை வேட்டையாடிய ஆட்சியிலிருந்து விலகியவர்கள் எழுதிய சாசனத்தில் அந்த வரி இருப்பது இயல்புதானே!

அடுத்த பெரிய பிரிவு அட்லாண்டிக்கின் மறுகரையில். 1776 ஜூலை 4 அன்று இரவு, பிலடெல்பியாவில் ஜான் டன்லப் என்ற அச்சகக்காரர் அமெரிக்க விடுதலை அறிக்கையை ஏறத்தாழ 200 பிரதிகள் அச்சடித்தார். இன்று எஞ்சியிருப்பதாக அறியப்பட்டவை 26. தாமஸ் ஜெபர்சன் எழுதிய முதல் வரைவில், அடிமை வணிகத்துக்காக பிரிட்டிஷ் மன்னரைச் சாடும் பத்தி ஒன்று இருந்தது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் அதை விரும்பவில்லை, பத்தி நீக்கப்பட்டது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரி மட்டும் தங்கியது. 1787இல் சாசனம் எழுதியபோதும் அதே தயக்கம் தொடர்ந்தது. அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைப் பிரதிநிதித்துவக் கணக்கில் சேர்த்தார்கள். தப்பி ஓடிய அடிமையைத் திருப்பி ஒப்படைக்கவும் விதி செய்தார்கள். ஆனால் 'அடிமை' என்ற சொல்லைச் சாசனத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதக் கூசிய அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 74 ஆண்டுகள் கழித்து அது வெளிப்படையாக வந்து நிற்கும்.

இந்தச் சாசனங்கள் ஊர் சுற்றத் தொடங்கியதற்குத் தூதர்களும் பதிப்பாளர்களும் காரணம். பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், பதின்மூன்று மாநிலங்களின் சாசனங்களையும் பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் செய்து 1783இல் அச்சிட்டார். அங்கிருந்த அயல்நாட்டுத் தூதர்களுக்கெல்லாம் பிரதிகளை அனுப்பிவைத்தார். புதிய நாடு தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளத் தன் சட்டப் புத்தகத்தையே விளம்பரமாக்கியது.

விடுதலை பற்றிய அந்தப் பேச்சை, பிரான்சின் கரும்புத் தோட்டக் குடியேற்றமான செயின்ட் டொமிங்கோவில் ஐந்து லட்சம் அடிமைகள் தங்கள் வழியில் நிறைவேற்றினார்கள். நெப்போலியனின் படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி என்ற பெயரில் தனி நாடானார்கள். மறு ஆண்டு, ஜான்-ஜாக் டெசலின் ஆட்சியில் வந்த சாசனம் அடிமை முறையை என்றென்றைக்குமாக ஒழித்தது. எந்த வெள்ளையரும் எஜமானராகவோ சொத்துக்காரராகவோ இந்த மண்ணில் கால் வைக்க முடியாது என்றது 12ஆம் பிரிவு. நாட்டின் குடிமக்களாகிவிட்ட வெள்ளைப் பெண்களுக்கும், ஜெர்மானியருக்கும், போலந்துக்காரருக்கும் 13ஆம் பிரிவு விலக்கு அளித்தது. கரீபியன் தீவில் போலந்துக்காரர் எப்படி வந்தார்கள்? கிளர்ச்சியை ஒடுக்க நெப்போலியன் அனுப்பிய படையில் இருந்தவர்கள் அவர்கள்; அவர்களில் சிலர் கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். ஹைட்டியர் அனைவரும் இனி 'கறுப்பர்' என்ற ஒரே பெயரால் அறியப்படுவார்கள் என்றது 14ஆம் பிரிவு. தோல் நிறத்தில் நுணுக்கமாகத் தரம் பிரித்த பழைய ஆட்சிக்கு ஒரே வரியில் கொடுத்த பதில் அது. அயல் குடியேற்றங்களின் அமைதியைக் குலைக்க மாட்டோம் என்ற வாக்குறுதியும் சாசனத்தில் உண்டு. சுற்றிலும் அடிமைத் தோட்டங்கள். அந்த முதலாளிகளின் நடுக்கத்தைத் தணிக்க எழுதிய வரி.

ஹைட்டி விடுதலை அறிக்கையின் அச்சுப் பிரதி நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. 2010இல் ஜூலியா காஃபீல்ட் என்ற ஆய்வு மாணவி, லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதைக் கண்டெடுத்தார்.

1811இல் பிலடெல்பியாவில் இன்னொரு புத்தகம் வந்தது. மானுவேல் கார்சியா தே சேனா என்ற வெனிசுவேலாக்காரர், புரட்சிச் சிந்தனையாளர் தாமஸ் பெயினின் எழுத்துகளோடு அமெரிக்க விடுதலை அறிக்கையையும் சாசனத்தையும் ஸ்பானிய மொழியில் பெயர்த்து ஒரே நூலாக்கினார். அதே ஆண்டு ஜூலை 5 அன்று வெனிசுவேலா ஸ்பெயினிலிருந்து பிரிந்தது. டிசம்பரில் அமெரிக்கச் சாயலில் கூட்டாட்சிச் சாசனம் எழுதிக்கொண்டது. அடிமை வணிகத்துக்குத் தடை வந்தது, அடிமை முறை நீடித்தது. கலப்பினத்தாரை இழிவுபடுத்திய சட்டங்கள் போயின, வாக்குரிமைக்குச் சொத்துத் தகுதி வந்தது. நிலமும் வணிகமும் வைத்திருந்தவர்களின் புரட்சி அது என்பதை இந்த அரைகுறைத்தனமே சொல்லும். அந்தக் குடியரசு ஓராண்டிலேயே கவிழ்ந்தது. தோற்று அலைந்த வெனிசுவேலா விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாருக்கு ஆயுதமும் கப்பலும் கொடுத்தவர் ஹைட்டியின் தென்பகுதிக் குடியரசுத் தலைவர் அலெக்சாந்தர் பெத்தியோன். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: விடுவிக்கும் மண்ணில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இதற்கிடையே ஒரு வட்டம் பூர்த்தியானது. ஸ்பெயினிலிருந்து பிரிந்த நெதர்லாந்திலிருந்து 1830இல் பெல்ஜியம் பிரிந்தது. 1831 பிப்ரவரி 7 அன்று நிறைவேறிய அதன் சாசனம், அதிகாரமெல்லாம் தேசத்திலிருந்தே பிறக்கிறது என்றது. கத்தோலிக்கரும் தாராளவாதிகளும் கைகோத்து நடத்திய புரட்சி என்பதால் வழிபாடு, பத்திரிகை, கல்வி, சங்கம் ஆகிய நான்கிலும் சுதந்திரம் கிடைத்தது. மதவாதிகளுக்குப் பள்ளி நடத்தும் உரிமை, தாராளவாதிகளுக்குப் பத்திரிகை உரிமை என்று இரு தரப்பின் தேவையும் ஒரே தாளில் இடம்பெற்றன. மன்னரும் உண்டு, அவரைக் கட்டுப்படுத்தும் நாடாளுமன்றமும் உண்டு என்ற இந்த ஏற்பாடு அக்காலத்தில் பலருக்கும் பிடித்துப்போனது. கிரேக்கம் முதல் ருமேனியா வரை இதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

அமெரிக்கக் கண்டத்தில் பிரதியெடுப்பு வேறு திசையில் போனது. மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது. அதன் ஆளுகையில் இருந்த டெக்சாசில் குடியேறிய அமெரிக்கப் பருத்தி விவசாயிகளுக்கு அது கவலையளித்தது. அதிகாரத்தைத் தலைநகரில் குவித்த மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னாவின் ஆட்சியும் அவர்களைக் கொதிக்கவைத்தது. 1836 மார்ச் 2 அன்று விடுதலை அறிவித்து, மார்ச் 17க்குள் சாசனத்தை முடித்தார்கள். சாண்டா அன்னாவின் படை நெருங்கிக்கொண்டிருந்த அவசரம். பெரும்பகுதி அமெரிக்கச் சாசனத்தின் நகல். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் நிதானமாக நின்று எழுதியிருக்கிறார்கள். அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை. எஜமானரே விரும்பினாலும், நாடாளுமன்றத்தின் இசைவில்லாமல் தன் அடிமையை விடுவித்து நாட்டுக்குள் வைத்திருக்க முடியாது. சுதந்திரமான ஆப்பிரிக்க வம்சாவளியினர் யாரும் அந்த இசைவின்றி நிரந்தரமாகத் தங்க முடியாது.

பதினோரு ஆண்டு கழித்து, அதே அமெரிக்கச் சாயலில் நேர் எதிரான சாசனம் ஒன்று ஆப்பிரிக்கக் கரையில் பிறந்தது. அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் அனுப்பிவைத்த கறுப்பின மக்கள் 1847இல் லைபீரியாவைத் தனி நாடாக அறிவித்தார்கள். நாள் ஜூலை 26. நெதர்லாந்தின் அதே நாள். கறுப்பினத்தார் மட்டுமே குடிமக்களாகலாம் என்றது அவர்களின் சாசனம். ஆனால் அந்த மண்ணின் பூர்வகுடிகளோ பல பத்தாண்டுகள் குடியுரிமைக்கு வெளியேதான் நின்றார்கள்.

இப்போது 1861க்கு வருவோம். பிரதியெடுத்த சாசனங்களில் மிகத் துல்லியமானதும் மிகவும் வெளிப்படையானதும் இந்த ஆண்டில்தான் எழுதப்பட்டது. ஆபிரகாம் லிங்கன் தேர்தலில் வென்றதும் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாக அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகின. பிப்ரவரி 4 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் அவற்றின் பிரதிநிதிகள் கூடினார்கள். நான்கே நாளில் தற்காலிகச் சாசனம். மார்ச் 11 அன்று நிரந்தரச் சாசனம். இத்தனை வேகம் எப்படி? 1787 சாசனத்தை வரிக்கு வரி எடுத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் மட்டும் கை வைத்தார்கள். வாஷிங்டன் அதிகாரிகள் மூதாதையரின் சாசனத்தைக் கெடுத்துவிட்டார்கள், நாங்கள்தான் அதன் உண்மையான வாரிசுகள் என்பது அவர்கள் வாதம். ஆகவே மாற்றங்கள் குறைவு. குறைவாக இருப்பதாலேயே ஒவ்வொன்றும் கனமானது.

முகவுரையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் இறையாண்மையுடன் தனித்து இயங்கி இதை ஏற்கிறது என்ற தொடரைச் சேர்த்தார்கள். 'பொது நலன்' என்ற சொற்றொடரை நீக்கினார்கள். மத்திய அரசு அதைச் சாக்காக வைத்து அதிகாரத்தை விரிக்கும் என்ற அச்சம். கடவுளின் பெயர் புதிதாக நுழைந்தது. உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பதற்கான காப்பு வரிக்குத் தடை வந்தது; பருத்தியை விற்று, செய்பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்கியவர்கள் அவர்கள். கால்வாய், சாலை போன்ற பணிகளுக்கு மத்திய நிதி கிடையாது. கலங்கரை விளக்கம், மிதவை, துறைமுகச் சீரமைப்புக்கு மட்டும் விலக்கு. கப்பலில் பருத்தி போக வேண்டுமே! குடியரசுத் தலைவருக்கு ஆறாண்டுப் பதவி, ஒரே முறை. அஞ்சல் துறை தன் செலவைத் தானே ஈட்டவேண்டும் என்றும் ஒரு விதி. அதை நிறைவேற்ற அஞ்சல் துறைத் தலைவர் ஜான் ரீகன் ஓர் உபாயம் செய்தார். வாஷிங்டன் அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்த தென் மாநிலத்தவருக்கு ஆள் அனுப்பி, படிவங்கள், வரைபடங்களோடு வந்து சேரச் சொன்னார். சாசனத்தை மட்டுமல்ல, அலுவலகத்தையே பிரதியெடுத்தார்கள்.

இனி அந்தச் சொல். 1787இல் எழுதக் கூசியதை இவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். நீக்ரோ அடிமைகள் மீதான சொத்துரிமையை மறுக்கவோ குறைக்கவோ எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது என்றது முதல் உறுப்பின் 9ஆம் பிரிவு. எந்த மாநிலக் குடிமகனும் தன் அடிமைகளுடன் எந்த மாநிலத்திலும் சென்று தங்கலாம். புதிதாகச் சேரும் நிலப்பரப்புகளிலும் அடிமை முறை காக்கப்படும். மாநில உரிமைக்காகவே பிரிந்தோம் என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். அந்தக் கூற்றை உரைத்துப் பார்க்கச் சாசனமே போதும்: ஒன்றியத்திலிருந்து விலகும் உரிமை அதில் எங்கும் எழுதப்படவில்லை. அடிமை முறை விஷயத்திலோ அது மாநிலங்களின் கையையும் கட்டிப்போட்டது. மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசிய துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்ற கருத்தே புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

வணிகக் கணக்கும் அதில் ஒளிந்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை இந்தச் சாசனம் தடை செய்தது. மனம் இரங்கி அல்ல. ஏறத்தாழ ஐந்து லட்சம் அடிமைகள் இருந்த வர்ஜீனியா, தென்கோடி மாநிலங்களுக்கு அடிமைகளை விற்றுப் பணம் பார்த்துவந்தது. வெளியிலிருந்து சரக்கு வந்தால் விலை விழும். வர்ஜீனியா அப்போது புதிய கூட்டமைப்பில் சேராமல் தயங்கி நின்றது. ஆகவே அடுத்த வரியிலேயே, உறுப்பினரல்லாத மாநிலத்திலிருந்து அடிமைகள் வருவதையும் நாடாளுமன்றம் தடுக்கலாம் என்று எழுதினார்கள். முதல் வரி ஆசை காட்டியது, இரண்டாம் வரி அச்சுறுத்தியது. ஏப்ரலில் போர் வெடித்ததும் வர்ஜீனியா சேர்ந்தது.

பருத்தி தங்களைக் காப்பாற்றும் என்று அவர்கள் நம்பினார்கள். பருத்தி இல்லாமல் லங்காஷயர் ஆலைகள் நின்றால் பிரிட்டன் தங்களை அங்கீகரித்தே தீரும் என்று கணக்குப் போட்டார்கள். பிரிட்டனோ இந்தியா, எகிப்து பக்கம் திரும்பியது. பம்பாயில் பணம் கொழித்தது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்கும் கிராக்கி ஏறியது. தென் மாநிலத்தவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசை விட்டு வெளியேறியதால் வாஷிங்டனில் நடந்தது இன்னும் பெரிது. தென் மாநிலங்களின் எதிர்ப்பால் அதுவரை மறுக்கப்பட்ட அமெரிக்க அங்கீகாரம், 1862இல் ஹைட்டிக்கும் லைபீரியாவுக்கும் ஒருசேரக் கிடைத்தது.

1865இல் கூட்டமைப்பு வீழ்ந்தது. தலைநகரிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடிய ஆவணப் பெட்டிகள் தென் கரோலினாவின் செஸ்டர் ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. ஃபெலிக்ஸ் டிஃபான்டைன் என்ற பத்திரிகையாளர் கண்ணில் அவை பட்டன. நிரந்தரச் சாசனத்தின் மூலப்பிரதி இப்படித்தான் பிழைத்தது. இன்று ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் ஒரு விதியும் பிழைத்தது. செலவு மசோதாவில் வேண்டாத இனத்தை மட்டும் அடித்துவிட்டு மீதியை ஏற்கும் அதிகாரம் அமெரிக்கச் சாசனத்தில் இல்லாதது, கூட்டமைப்பு சேர்த்தது. ஜார்ஜியாவும் டெக்சாசும் அதைத் தங்கள் மாநிலச் சாசனங்களில் வைத்துக்கொள்ள, இன்று 40க்கும் மேற்பட்ட மாநில ஆளுநர்களிடம் அது இருக்கிறது. அடிமைகளுக்காக எழுந்த அரசு அழிந்தது. அதன் கணக்குப் பிள்ளைத்தனம் மட்டும் நிலைத்தது.

நூற்றாண்டு முடிவில் பிலிப்பைன்ஸ். ஸ்பெயினிடமிருந்து விடுபட்டவர்கள் மலோலோஸ் நகரில் கூடி, 1899 ஜனவரியில் சாசனம் வெளியிட்டார்கள். வரைந்தவர் ஃபெலிப்பே கால்டெரோன். பெல்ஜியம், மெக்சிகோ, கோஸ்டாரிக்கா உள்ளிட்ட நாடுகளின் சாசனங்கள் அவருக்குத் துணையாக இருந்தன. ஸ்பெயின் ஆண்ட நாடுகளின் அனுபவமே தங்களுக்குப் பொருந்தும் என்று கருதினார். கத்தோலிக்கத் துறவியரின் ஆதிக்கத்தில் நொந்த நாடு அது. அரசையும் மதத்தையும் பிரிக்கும் விதி, கடும் விவாதத்துக்குப் பின் ஒரே ஒரு வாக்கில் நிறைவேறியது.

1965 நவம்பர் 11. ரொடீசியாவில் இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு பிரிட்டனிலிருந்து தன்னிச்சையாகப் பிரிந்தது. அறிக்கையின் தொடக்கம் ஜெபர்சனின் நடையை அப்படியே ஒத்தது. ஆனால் எல்லா மனிதரும் சமம் என்ற வரி இல்லை. ஆளப்படுவோரின் சம்மதம் என்ற வரியும் இல்லை. இருபதில் ஒரு பங்கு மக்கள் மற்றவர்களை ஆளப் பிரிந்த அரசு அவற்றை எப்படி எழுதும்? 1969 சாசனம் 66 உறுப்பினர் அவையில் ஆப்பிரிக்கருக்கு 16 இடம் தந்தது. கூடுதல் இடம் வேண்டுமென்றால் அவர்கள் செலுத்தும் வருமான வரி உயரவேண்டும். எவ்வளவு உயர்ந்தாலும் பாதிக்கு மேல் போகாது. 1970 மார்ச் 2 அன்று குடியரசானது. டெக்சாசின் அதே நாள். பத்தாண்டில் அந்த அரசும் மறைந்து ஜிம்பாப்வே பிறந்தது.

பாகிஸ்தானிலிருந்து பிரிந்த வங்கதேசம் எதிர்த் திசையில் எழுதியது. மதத்தின் பெயரால் ஆண்டவர்களிடமிருந்து விடுபட்டதால் மதச்சார்பின்மையையும், மொழிக்காக உயிர் கொடுத்ததால் வங்கமொழியையும் 1972 சாசனத்தில் நிறுத்தியது. வங்க வாசகமும் ஆங்கில வாசகமும் முரண்பட்டால் வங்கமே செல்லும் என்று விதித்தது. சாசனத்தைக் கையால் எழுதவைத்து, ஓவியர் ஜைனுல் ஆபிதீன் மேற்பார்வையில் அணிசெய்தார்கள். ஆட்சி மாறியபோது அந்த வரிகளும் மாறின: 1977இல் மதச்சார்பின்மை போனது, 1988இல் அரசு மதம் வந்தது, 2011இல் மதச்சார்பின்மை திரும்பியது, அரசு மதமும் தங்கியது. சோமாலியாவிலிருந்து 1991இல் விலகிய சோமாலிலாந்தோ, 2001இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற சாசனத்தில் குலப் பெரியவர்களுக்கென ஒரு மேலவையை வைத்தது. குலத்தின் பெயரால் கட்சி நடத்தக் கூடாது என்றது. கட்சிகளை மூன்றாகக் குறைத்தது. குலச் சண்டைகளை மரத்தடிப் பேச்சில் தீர்த்துவைத்தவர்கள் அந்தப் பெரியவர்கள்.

பிரிவதாலேயே ஓர் அரசு நல்லதாகிவிடாது, கெட்டதாகியும் விடாது. ஹைட்டியும் பிரிந்தது, தென் மாநிலங்களும் பிரிந்தன. இரண்டும் விடுதலை என்ற ஒரே சொல்லை முழங்கின. ஒன்று அடிமைச் சங்கிலியை அறுக்க எழுதியது, மற்றது அதை இறுக்க எழுதியது. கொடியையும் முழக்கத்தையும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எங்காவது ஒரு புதிய அரசு தன் சாசனத்தை வெளியிட்டால், அதன் தாய்நாட்டுச் சாசனத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே மாதிரி இருக்கும் பக்கங்களை வேகமாகப் புரட்டலாம். அடித்த வரியிலும் சேர்த்த வரியிலும் நின்று, அவை யாருக்குக் காப்பு, யாருக்குக் கட்டு என்று கேளுங்கள். அந்த அரசு எதற்காகப் பிறந்தது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி வேறு இல்லை.